ஸ்கேலர்: ஏணியில் பிறந்த சொல்

பள்ளியில் இயற்பியல் படித்த யாரைக் கேட்டாலும் ஸ்கேலருக்கு ஒரே விடைதான் வரும்: அளவு மட்டும் உண்டு, திசை கிடையாது. வெக்டருக்கு இரண்டும் உண்டு. தொலைவு ஸ்கேலர், இடப்பெயர்ச்சி வெக்டர். நிறை ஸ்கேலர், விசை வெக்டர். இரண்டு மதிப்பெண் வினாவுக்கு இது போதும். ஆனால் இந்த விளக்கத்தில் ஸ்கேலருக்கென்று சொந்தமாக எதுவும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் இருப்பது இவரிடம் இல்லை என்று சொல்லி ஒருவரை அறிமுகப்படுத்துவது போன்ற விளக்கம் இது. தமிழ்நாட்டுக் கணக்குப் பாடநூல்கள் இதற்கு வைத்த பெயரும் 'திசையிலி'தான். எது இல்லை என்பதைத் தெளிவாகச் சொல்கிற பெயர். எது இருக்கிறது என்பதைச் சொல்லாத பெயர்.

இந்தச் சொல்லைக் கணிதத்துக்குக் கொண்டுவந்தவர்கள் அதை ஓர் இல்லாமைக்குப் பெயராக வைக்கவில்லை. ஏறி இறங்கும் ஒழுங்கு ஒன்றைக் கண்டு, அதற்காக வைத்தார்கள். அந்த ஒழுங்கு எது, அது எப்படி மறைந்தது, அதன் இடத்தில் இன்று எது நிற்கிறது என்று பார்த்தால், ஸ்கேலர் என்ற கருத்தே வேறு வெளிச்சத்தில் தெரியும்.

ஸ்காலா

லத்தீனில் 'ஸ்காலா' என்றால் ஏணி. ஏறுதலைக் குறிக்கும் 'ஸ்காந்தெரே' என்ற வினையிலிருந்து வந்த பெயர். ஏணியில் படிகள் சம இடைவெளியில் இருக்கும். ஒன்றன்மேல் ஒன்றாக, முறை தவறாமல் இருக்கும். சம இடைவெளியில் கோடு போட்ட எதற்கும் இந்தப் பெயர் பொருந்தியது. அளவுகோலில் இருக்கும் கோடுகள், வரைபடத்தின் ஓரத்தில் தூரத்தைக் காட்டும் கட்டங்கள், வெப்பமானியின் கண்ணாடிக் குழாயை ஒட்டிய குறிகள், ஸட்ஜமத்திலிருந்து மேல் ஸட்ஜமம் வரை ஏறும் சுர வரிசை எல்லாம் ஐரோப்பிய மொழிகளில் 'ஸ்கேல்' ஆயின. நம் பிள்ளைகள் பென்சில் பெட்டிக்குள் வைத்திருக்கும் ஸ்கேலும், கீபோர்டு கற்பவர்கள் எந்த ஸ்கேலில் வாசிப்பது என்று கேட்கும் ஸ்கேலும் இந்த ஒரே ஏணியின் படிகள். ஜவுளிக்கடை எஸ்கலேட்டரும் அதே வேர்தான். தாவரவியல் படித்தவர்களுக்கு இன்னொன்று நினைவிருக்கும்: சைலக் குழாய்களின் சுவரில் படிப்படியாகக் காணப்படும் ஏணி வடிவத் தடிப்பு. அதற்கு உலகெங்கும் வழங்கும் அறிவியல் பெயர் ஸ்கேலரிஃபார்ம்.

ஒன்றைப் பிரித்துச் சொல்லிவிட வேண்டும். ஆங்கிலத்தில் தராசுக்கும் ஸ்கேல் என்றுதான் பெயர். மீன் செதிலுக்கும் அதே பெயர்தான். ஆனால் தராசின் ஸ்கேல், கிண்ணத்தைக் குறிக்கும் பழைய நார்ஸ் மொழிச் சொல்லிலிருந்து வந்தது. தராசுத் தட்டைத்தான் அது முதலில் குறித்தது. செதிலின் ஸ்கேல் பழைய பிரெஞ்சு வழியாக வந்த வேறொரு சொல். ஆகவே ஸ்கேலர் என்றதும் 'எடை போடக்கூடியது' என்று தராசை நினைத்துப் பொருள் கொள்வது தவறான தடம். சரியான தடம் ஏணியில் இருக்கிறது.

வியத் கட்டிய படிகள்

கணிதத்துக்குள் இந்தச் சொல்லை முதலில் அழைத்து வந்தவர் பிரான்சுவா வியத். 1540-இல் பிரான்சில் பிறந்தவர். தொழில் வழக்கறிஞர், நான்காம் ஹென்றி மன்னருக்காக ஸ்பெயினின் ரகசிய எழுத்துகளை உடைத்துப் படித்தவர். தெரியாத எண்ணுக்கும் தெரிந்த எண்ணுக்கும் எழுத்துகளை வைத்து இயற்கணிதம் செய்யும் முறையை ஒழுங்குபடுத்தியவரும் அவரே. அந்த முறையை அவர் 1591-இல் ஒரு சிறு நூலாக வெளியிட்டார். அதில் 'ஸ்காலாரெஸ்' என்று ஒரு வகை அளவுகளைப் பேசுகிறார். தம் சொந்த ஆற்றலால் ஓர் இனத்திலிருந்து அடுத்த இனத்துக்கு ஒரே விகிதத்தில் ஏறியும் இறங்கியும் செல்லும் அளவுகளுக்கு அந்தப் பெயர்.

முதற்படி பக்கம். அடுத்தது வர்க்கம். அதற்கு மேல் கனம். பிறகு வர்க்கவர்க்கம், வர்க்ககனம், கனகனம் என்று ஒன்பதாம் படிவரை அவர் பெயர் சொல்லிக்கொண்டே போகிறார். ஒரு கோட்டை அதே நீளத்தால் பெருக்கினால் சதுரம் கிடைக்கும். அதை மீண்டும் பெருக்கினால் கனசதுரம். நான்காவதைக் கண்ணால் பார்க்க முடியாது. ஆனால் ஏணி நிற்பதில்லை. ஆக, கணிதத்தின் முதல் 'ஸ்கேலர்' இன்று நாம் அடுக்கு என்று சொல்வதைக் குறித்தது.

இந்த ஏணிக்கு ஒரு கண்டிப்பான சட்டமும் இருந்தது. ஒரே படியில் நிற்பவற்றைத்தான் ஒன்றோடொன்று கூட்டலாம், ஒப்பிடலாம். கோட்டோடு பரப்பைக் கூட்ட முடியாது. பரப்போடு கன அளவைக் கூட்ட முடியாது. வியத் எழுதும் சமன்பாடுகளில் ஒவ்வோர் உறுப்பும் எந்தப் படியைச் சேர்ந்தது என்பது பெயரோடு ஒட்டியே வரும். 1637-இல் டெகார்த் ஒரு கோட்டை அலகு என்று வைத்துக்கொண்டு, ஒரு நீளத்தின் வர்க்கத்தையும் நீளமாகவே காட்டலாம் என்றார். கணிதத்தில் அந்தச் சட்டம் தளர்ந்தது. இயற்பியலில் அது இன்றும் உயிரோடு இருக்கிறது. பதினோராம் வகுப்பில் 'பரிமாணங்களின் ஒருபடித்தான நெறிமுறை' என்று படிக்கிறோமே, அது வியத்தின் சட்டத்துக்கு மிக நெருங்கிய உறவு.

'ஒருபடித்தான' என்ற அந்தத் தமிழ்ச் சொல்லைக் கவனியுங்கள். வியத்துக்கு ஏணி தேவைப்பட்ட இடத்தில் தமிழும் படியைத்தான் வைத்திருக்கிறது. பல்லுறுப்புக்கோவைக்குப் படி உண்டு. வர்க்கம் வரும் சமன்பாடு இருபடிச் சமன்பாடு; கனம் வருவது முப்படிச் சமன்பாடு. அதே படி என்ற சொல், அரிசியும் பாலும் அளக்கும் முகத்தல் அளவையாகவும் நம் வீடுகளில் வழங்கியது. ஏறும் படியும் அளக்கும் படியும் ஒரே ஒலியில் நிற்கின்றன. ஐரோப்பாவில் ஏணி அளவுகோலாக மாறிய பாதையைத் தமிழ் வாசகர் எளிதாகப் புரிந்துகொள்ள இந்த ஒரு சொல்லே உதவும்.

டப்ளின் கால்வாய்க்கரையில்

வியத்தின் பொருளில் ஸ்கேலர் நிலைக்கவில்லை. அதற்கு இன்றைய வாழ்வைக் கொடுத்தவர் அயர்லாந்தின் வில்லியம் ரோவன் ஹாமில்டன். 1805-இல் டப்ளினில் பிறந்தவர். சிறுவயதிலேயே பாரசீகம், அரபி, சமஸ்கிருதம் உள்ளிட்ட பல மொழிகளில் பயிற்சி பெற்றவர். 1827-இல், இன்னும் மாணவராக இருக்கும்போதே, வானியல் பேராசிரியராகவும் அயர்லாந்தின் அரச வானியலாளராகவும் அமர்த்தப்பட்டவர்.

கலப்பெண்களைத் தளத்தில் உள்ள புள்ளிகளாகப் பார்க்கலாம் என்பது அவர் காலத்துக்குள் தெளிவாகியிருந்தது. இரண்டு எண்களால் ஆன ஒரு ஜோடி தளத்தைச் சமாளித்துவிடுகிறது. நாம் வாழும் வெளிக்கு மூன்று திசைகள். மூன்று எண்களால் ஆன தொகுதிகளை எப்படிப் பெருக்குவது, எப்படி வகுப்பது என்ற கேள்வியோடு அவர் பல ஆண்டுகள் போராடினார். கூட்டல் வந்தது. பெருக்கல் வரவில்லை.

1843 அக்டோபர் 16, திங்கட்கிழமை. ராயல் ஐரிஷ் அகாடமியின் கூட்டத்துக்குத் தலைமை தாங்க, மனைவியோடு ராயல் கால்வாய்க் கரையில் நடந்துகொண்டிருந்தபோது விடை பிடிபட்டது. மூன்று போதாது, நான்கு வேண்டும். ஐ, ஜே, கே என்று மூன்று அலகுகள். ஒவ்வொன்றின் வர்க்கமும் -1. மூன்றையும் வரிசையாகப் பெருக்கினாலும் -1. இந்த விதியை அங்கேயே புரூம் பாலத்தின் கல்லில் கத்தியால் கீறினார். அந்தக் கீறல் இன்று இல்லை. 1958-இல் அயர்லாந்துப் பிரதமரும் முன்னாள் கணித ஆசிரியருமான ஏமன் டி வலேரா திறந்துவைத்த கல்வெட்டு அந்த இடத்தைச் சொல்கிறது. ஹாமில்டன் தம் நான்குறுப்பு எண்ணுக்குக் குவாட்டர்னியன் என்று பெயரிட்டார்.

மூன்று உறுப்புகள் வெளியின் மூன்று திசைகளுக்குப் போய்விட்டன. மிச்சமாக நின்ற நான்காவது, ஐ-யும் ஜே-யும் கே-யும் ஒட்டாத வெறும் எண். அதை என்னவென்று அழைப்பது? 1846-இல் 'பிலசாபிகல் மேகசின்' இதழில் அவர் விடை சொன்னார். அந்த உறுப்பு எதிர்மறை முடிவிலியிலிருந்து நேர்மறை முடிவிலி வரை செல்லும் ஒரே எண் வரிசையில், ஒரே ஸ்கேலில், எந்த மதிப்பையும் ஏற்கக்கூடியது. ஆகவே அது ஸ்கேலர். மற்ற மூன்றும் சேர்ந்தது வெளியில் வரைந்த ஒரு கோடு போன்றது, அது வெக்டர்.

வெக்டர் என்ற சொல்லை அவர் தம் வானியலிலிருந்து எடுத்தார். சூரியனிலிருந்து கோளுக்கு வரையும் கோட்டுக்கு வானியலாளர்கள் 'ரேடியஸ் வெக்டர்' என்று சொல்லிவந்தார்கள். லத்தீனில் வெக்டர் என்றால் சுமந்து செல்பவர். கோளைச் சுமந்து சுற்றிவரும் கோடு அது.

ஸ்கேலருக்கு ஹாமில்டன் கொடுத்த விளக்கத்தில் திசை என்ற பேச்சே இல்லை. ஒரே ஏணியில் மேலும் கீழும் முடிவில்லாமல் ஏறி இறங்க முடியும் என்பதுதான் அதன் இலக்கணம். அதனால் எதிர்மறை எண்ணுக்கும் அங்கே இயல்பாகவே இடம் உண்டு. 'அளவு மட்டும் உண்டு' என்ற பள்ளி விளக்கம் இந்த இடத்தில்தான் மாணவரைத் தடுமாற வைக்கிறது. வெப்பநிலை -10 டிகிரி என்கிறோம். மின்னூட்டம் எதிர்மறையாக இருக்கலாம். அப்படியானால் கழித்தல் குறி ஒரு திசையா? வெப்பநிலைக்குத் திசை உண்டா? ஹாமில்டனின் ஏணியில் நின்று பார்த்தால் சிக்கலே இல்லை. சுழியத்துக்குக் கீழேயும் படிகள் உண்டு, அவ்வளவுதான்.

ஹாமில்டன் 1830களில் இயற்கணிதத்தையே காலத்தின் அறிவியல் என்று வாதிட்டவர். வடிவியலுக்கு வெளி எப்படியோ, எண்ணுக்குக் காலம் அப்படி என்பது அவர் கொள்கை. முன், பின் என்ற வரிசை ஒன்றே போதும், எண்கள் பிறந்துவிடும். குவாட்டர்னியனின் மூன்று உறுப்புகள் வெளி என்றால், அந்த நான்காவதில் அவர் காலத்தின் சாயலைக் கண்டார். ஸ்கேல் என்ற சொல்லை அவர் தேர்ந்ததற்குப் பின்னால் இந்த வரிசை பற்றிய நீண்ட சிந்தனை இருக்கிறது.

ஒரு பெருக்கலைக் கிட்டே நின்று பார்ப்போம்

இரண்டு வெக்டர்களை ஹாமில்டன் முறையில் பெருக்கிப் பார்த்தால் ஸ்கேலர் எப்படி விழுகிறது என்று தெரியும். முதலாவது 2ஐ + 3ஜே. இரண்டாவது 4ஐ + 5ஜே. விதிகள்: ஐ-யின் வர்க்கமும் ஜே-யின் வர்க்கமும் -1, ஐ-யை ஜே-யால் பெருக்கினால் கே, வரிசை மாறி ஜே-யை ஐ-யால் பெருக்கினால் கழித்தல் கே.

2ஐ-யை 4ஐ-யால் பெருக்க -8. 3ஜே-யை 5ஜே-யால் பெருக்க -15. இரண்டும் சேர்ந்து -23. இதில் எந்த எழுத்தும் ஒட்டவில்லை. அடுத்து, 2ஐ-யை 5ஜே-யால் பெருக்க 10கே. 3ஜே-யை 4ஐ-யால் பெருக்க கழித்தல் 12கே. இரண்டும் சேர்ந்து -2கே. மொத்த விடை -23 - 2கே.

திசை கொண்ட இரண்டைப் பெருக்கினோம். விடையில் ஒரு பகுதி திசையை முழுதாக உதறிவிட்டு வெறும் எண்ணாக வந்து நிற்கிறது. இன்னொரு பகுதி, பெருக்கிய இரண்டுக்கும் செங்குத்தான மூன்றாம் திசையில் நிற்கிறது. முதல் பகுதியை ஹாமில்டன் எஸ் என்ற எழுத்தாலும், இரண்டாவதை வி என்ற எழுத்தாலும் குறித்தார். இன்று பதினோராம் வகுப்பு மாணவர் புள்ளிப் பெருக்கல், குறுக்குப் பெருக்கல் என்று தனித்தனியாகப் படிப்பவை இந்த ஒரே பெருக்கலின் இரண்டு துண்டுகள். புள்ளிப் பெருக்கலில் விடை 23 என்று வரும். ஹாமில்டனிடம் அது -23. குறி மட்டும்தான் வேறுபாடு.

பிரிந்த இரட்டையர்

அந்தக் குறியைச் சுற்றிப் பெரிய சண்டையே நடந்தது. 1871-இல் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் லண்டன் கணிதச் சங்கத்தில், இயற்பியல் அளவுகளைக் கணித நோக்கில் வகைப்படுத்துவது பற்றி ஒரு கட்டுரை படித்தார். ஹாமில்டன் செய்த ஸ்கேலர், வெக்டர் என்ற பிரிவினையை அவர் இயற்பியலாளர்களின் கையில் கொடுத்தார். குவாட்டர்னியனின் உறுப்புப் பெயர்களாக இருந்த இரண்டும் உலகத்து அளவுகளின் இரண்டு சாதிகளாக மாறியது இப்படித்தான். 1873-இல் வந்த மின்சாரமும் காந்தவியலும் பற்றிய அவருடைய பெருநூல் அந்தச் சொற்களை எங்கும் கொண்டுசென்றது.

அந்த நூலைப் படித்த அமெரிக்கர் ஜோசையா வில்லர்ட் கிப்ஸ் ஒன்றைக் கவனித்தார். எந்த இயற்பியல் கணக்கிலும் குவாட்டர்னியன் முழுதாகப் பயன்படுவதில்லை. ஒன்று அதன் ஸ்கேலர் பகுதி தேவைப்படுகிறது, அல்லது வெக்டர் பகுதி தேவைப்படுகிறது. அப்படியானால் இரண்டையும் ஏன் ஒட்டி வைத்திருக்க வேண்டும்? யேல் பல்கலைக்கழகத்தில் தம் மாணவர்களுக்காக 1881-லும் 1884-லும் அச்சிட்ட குறிப்புகளில் அவர் இரண்டையும் இரு வேறு பெருக்கல்களாகப் பிரித்தார். தொல்லை கொடுத்த கழித்தல் குறியையும் விட்டுவிட்டார். இங்கிலாந்தில் ஆலிவர் ஹெவிசைட் தனியாக அதே முடிவுக்கு வந்திருந்தார். குவாட்டர்னியனின் தீவிர ஆதரவாளரான ஸ்காட்லாந்தின் பீட்டர் டெய்ட் கொதித்தெழுந்தார். 1890களின் முற்பகுதியில் 'நேச்சர்' இதழில் இந்த விவாதம் கடுமையாக நடந்தது. கிப்ஸ் பக்கம் வென்றது.

கிப்ஸின் மாணவர் எட்வின் வில்சன் 1901-இல் அந்தப் பாடங்களை நூலாக்கினார். அதன் தொடக்கத்திலேயே நமக்குப் பழகிய வரையறை வந்துவிடுகிறது: திசையும் அளவும் கொண்டது வெக்டர், அளவு மட்டும் கொண்டது ஸ்கேலர். இருபதாம் நூற்றாண்டின் பாடநூல்கள் அதே வழியில் சென்றன. ஏணி மறைந்தது. இல்லாமை இலக்கணமாயிற்று.

இரண்டு சோதனைகள்

அந்த வரையறை எங்கே உடைகிறது என்று பார்ப்போம். மின்னோட்டத்துக்குத் திசை உண்டு. கம்பியில் அம்புக்குறி போட்டுக் காட்டுகிறோம். ஆனாலும் அது ஸ்கேலர். ஏன் என்று மாணவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. விடை கூட்டலில் இருக்கிறது. 3 ஆம்பியர் ஒரு கம்பியிலும் 4 ஆம்பியர் இன்னொரு கம்பியிலும் ஒரு சந்திக்கு வந்தால், வெளியேறும் கம்பியில் 7 ஆம்பியர் ஓடும். கம்பிகள் செங்குத்தாகச் சேர்ந்தாலும் சாய்ந்து சேர்ந்தாலும் 7-தான். 3 நியூட்டன் விசையும் 4 நியூட்டன் விசையும் அப்படி இல்லை. ஒரே பக்கம் இழுத்தால் 7, எதிரெதிராக இழுத்தால் 1, செங்குத்தாக இழுத்தால் 5. கோணம் கேட்டுக் கூடுவது வெக்டர். கோணத்தைக் கேட்காமல் கூடுவது ஸ்கேலர்.

இரண்டாவது சோதனை இன்னும் ஆழமானது. கட்டம் போட்ட நோட்டில் ஒரு புள்ளியிலிருந்து வலப்பக்கம் 3 கட்டம், மேலே 4 கட்டம் போய் ஒரு புள்ளி வையுங்கள். இரண்டையும் ஸ்கேலால் இணையுங்கள். கோட்டின் நீளம் 5 கட்டம். இப்போது அந்தக் கோடு போகும் வழியே ஓர் அச்சும், அதற்குச் செங்குத்தாக இன்னோர் அச்சும் புதிதாக வரைந்து, அவற்றின்படி அதே கோட்டை எழுதுங்கள். வலப்பக்கம் 5, மேலே 0. முன்பு 3, 4. இப்போது 5, 0. கோடு மாறவில்லை, நம் பார்வை மாறியது. 3 என்பது ஒற்றை எண்தான், அதில் அம்புக்குறி எதுவும் இல்லை. ஆனால் அச்சைத் திருப்பியதும் அது கரைந்துவிட்டது. 5 கரையவில்லை.

இன்றைய இயற்பியலில் 5 மட்டுமே ஸ்கேலர். 3 ஸ்கேலர் அல்ல, ஒரு வெக்டரின் கூறு. ஒற்றை எண்ணாக இருப்பது ஸ்கேலர் ஆவதற்குப் போதாது. பார்ப்பவர் எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் மாறாமல் இருக்க வேண்டும். அறையின் வெப்பநிலை 31 டிகிரி என்றால், நீங்கள் வடக்கே பார்த்து நின்று அளந்தாலும் தெற்கே பார்த்து நின்று அளந்தாலும் 31-தான்.

இருபதாம் நூற்றாண்டில் இந்தச் சோதனை கடுமையானது. ஐன்ஸ்டைனின் சார்பியலில் திரும்பி நிற்பது மட்டும் போதாது, சீராக ஓடிக்கொண்டே அளந்தாலும் மாறக்கூடாது. அந்தத் தேர்வில் ஆற்றல் தோற்றுவிடுகிறது. வெவ்வேறு வேகத்தில் செல்பவர்கள் வெவ்வேறு ஆற்றலை அளப்பார்கள். ஓய்வு நிறை தேறிவிடுகிறது. 2012 ஜூலை 4 அன்று செர்ன் ஆய்வகம் அறிவித்த ஹிக்ஸ் துகளை ஸ்கேலர் துகள் என்று இயற்பியலாளர்கள் அழைப்பதற்கும் இதுதான் காரணம். அதன் தற்சுழற்சி சுழியம். எந்தப் பக்கம் திருப்பினாலும் அதனிடம் மாற ஒன்றுமில்லை. இதுவரை அறிந்த அடிப்படைத் துகள்களில் அப்படிப்பட்டது அது ஒன்றுதான்.

ஏணி இல்லாத ஸ்கேலர்

இயற்பியலில் சொல் இப்படிப் போக, கணிதத்தில் வேறு பக்கம் போனது. 1888-இல் இத்தாலியின் ஜுசெப்பே பியானோ வெக்டர் வெளிக்கு அடிப்படை விதிகளை வகுத்தார். அம்புக்குறிகளும் கோணங்களும் இல்லாமல், கூட்டலையும் எண்ணால் பெருக்கலையும் மட்டும் வைத்து ஒரு கட்டமைப்பு. அங்கே ஸ்கேலருக்கு ஒரு வேலை கிடைத்தது: வெக்டரைப் பெருக்குவது. 2 என்ற ஸ்கேலர் ஒரு வெக்டரை இரட்டிப்பாக்குகிறது, அரை அதைப் பாதியாகச் சுருக்குகிறது, -1 அதைத் திருப்பிப் போடுகிறது. கணிதத்தில் இன்று ஸ்கேலர் எது என்று கேட்டால், அது எந்த எண் தொகுதியிலிருந்து எடுத்துப் பெருக்குகிறோமோ அதன் உறுப்பு என்பதுதான் விடை.

எந்த எண் தொகுதி என்பதில் ஏணி முறிந்தது. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் நான்கும் ஒழுங்காக நடக்கும் எந்தத் தொகுதியும் ஏற்கப்பட்டது. குவாண்டம் இயற்பியலில் ஸ்கேலர்கள் கலப்பெண்கள். கலப்பெண்களைச் சிறிதிலிருந்து பெரிதாக, பெருக்கல் விதிகள் கெடாமல் வரிசைப்படுத்த முடியாது. வரிசை இருந்தால், சுழியமல்லாத எதன் வர்க்கமும் நேர்மறையாக இருக்க வேண்டும். ஐ-யின் வர்க்கமோ -1. எது மேற்படி, எது கீழ்ப்படி என்று சொல்ல வழியில்லை.

தேநீர்க் கடையில் பணம் கட்ட நாம் படம் பிடிக்கும் கியூஆர் குறியீட்டில் இதைவிடத் தூரம் போன ஸ்கேலர்கள் இருக்கின்றன. சதுரத்தின் ஒரு பகுதி அழுக்கானாலும் கிழிந்தாலும் செயலி அதைச் சரியாகப் படித்துவிடுவதற்குக் காரணம், ரீட்-சாலமன் என்னும் பிழைதிருத்தும் முறை. அந்தக் கணக்கு 256 உறுப்புகள் மட்டுமே உள்ள ஓர் எண் தொகுதியில் நடக்கிறது. அங்கே 1-ஐயும் 1-ஐயும் கூட்டினால் 0. முடிவிலி இல்லை, எதிர்மறை என்று தனியாக ஒன்று இல்லை, பெரிது சிறிது இல்லை. ஹாமில்டன் எந்த ஏணியைக் கண்டு பெயர் வைத்தாரோ அந்த ஏணி முற்றிலும் இல்லாத இடம். ஆனாலும் அங்கே உள்ளவை முழு உரிமையோடு ஸ்கேலர்கள்.

கணிப்பொறி மொழிகளில் சொல் இன்னும் நெகிழ்ந்தது. 1987-இல் வந்த பெர்ல் மொழியில் டாலர் குறியோடு தொடங்கும் மாறி ஸ்கேலர். அதில் ஓர் எண்ணையும் வைக்கலாம், ஒரு பெயரையும் வைக்கலாம். பட்டியலாக இல்லாமல் ஒற்றையாக இருப்பது ஸ்கேலர் என்ற பொருள் அங்கே மிஞ்சியது.

பாக் நீரிணையின் இரு கரைகளில்

தமிழுக்கு இந்தச் சொல் இரண்டு வாசல் வழியாக வந்தது. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் திசையிலி, அளவெண், ஸ்கேலர் என்ற வடிவங்களைப் பார்க்கலாம். மூலைவிட்டத்தில் எல்லாம் ஒரே எண்ணாகவும் மற்ற இடங்கள் சுழியமாகவும் உள்ள அணிக்கு இங்கே திசையிலி அணி என்று பெயர். இலங்கைப் பாடநூல்கள் ஸ்கேலரை எண்ணி என்றும் வெக்டரைக் காவி என்றும் சொல்கின்றன. எண்ணிக் கணியம், காவிக் கணியம் என்பது அங்கே மாணவர் வாயில் புழங்கும் வழக்கு.

காவி அழகான ஆக்கம். காவுதல் என்றால் சுமத்தல். தோளில் சுமக்கும் தண்டுக்குச் சங்கத் தமிழிலேயே 'கா' என்று பெயர். காவடியில் இருப்பதும் அதுவே. லத்தீன் வெக்டரும் சுமப்பவர்தான். அதனால் இயற்பியலின் வெக்டருக்கும், டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் நுளம்புக்கும் இலங்கைத் தமிழில் ஒரே சொல் பொருந்துகிறது: அது நோய்க்காவி. எண்ணி என்பதும் அப்படியே. ஸ்கேலரிடம் இல்லாததை அது பேசவில்லை, இருப்பதைப் பேசுகிறது. எண்ணால் முழுதாகச் சொல்லிவிடக்கூடியது என்று உரிமையோடு நிற்கிறது. ஹாமில்டனின் மனத்துக்குத் திசையிலியைவிட எண்ணி அருகில் இருக்கிறது.

இரு கரைகளுக்கும் நடுவே இன்னொரு விந்தையும் உண்டு. தமிழ்நாட்டில் திசை பார்க்காமல் சொல்வது வேகம், திசையோடு சொல்வது திசைவேகம். இலங்கையில் திசை பார்க்காதது கதி, திசையோடு சொல்வது வேகம். தமிழ்நாட்டில் பொருளின் அளவு நிறை, அதைப் புவி இழுக்கும் விசை எடை. இலங்கையில் பொருளின் அளவு திணிவு, புவி இழுக்கும் விசை நிறை. வேகம் ஸ்கேலரா வெக்டரா என்று கேட்டால் மதுரை மாணவர் ஸ்கேலர் என்பார், யாழ்ப்பாண மாணவர் காவி என்பார். இருவருக்கும் முழு மதிப்பெண் கொடுக்க வேண்டும். நிறை என்ற சொல்லும் அப்படியே. கடலைக் கடந்ததும் அதற்குத் திசை வந்துவிடுகிறது.

நிறை நம் மொழியில் மிகப் பழைய அளவைச் சொல். தொல்காப்பியம் புணர்ச்சி விதி சொல்லும்போதே அளவுப் பெயர், நிறைப் பெயர், எண்ணுப் பெயர் என்று பிரித்துப் பேசுகிறது. நிறைகோலின் இரு தட்டும் சமமானால் இரண்டு பக்கமும் நிறை ஒன்றே. அந்தக் காலத்தில் பொருளின் அளவு வேறு, புவியின் இழுப்பு வேறு என்று பிரிக்கத் தேவை எழவில்லை. நியூட்டனுக்குப் பிறகு பிரிக்க வேண்டிவந்தபோது, ஒரு கரை அந்தப் பழஞ்சொல்லை ஸ்கேலருக்குக் கொடுத்தது, மறு கரை வெக்டருக்குக் கொடுத்தது. நிலவுக்குப் போனால் தமிழ்நாட்டு நிறை மாறாது. இலங்கை நிறை ஏறக்குறைய ஆறில் ஒன்றாகிவிடும்.

இரண்டில் எது சரி என்று வழக்காட இடமில்லை. இரண்டும் தத்தம் இடத்தில் ஒழுங்காக வேலை செய்கின்றன. ஆனால் இன்று ஒரு கரையில் எழுதிய பாடத்தை மறு கரை மாணவர் கைப்பேசியில் படிக்கிறார். தமிழில் அறிவியல் எழுதும் நூல்களின் முதல் பக்கத்திலேயே, இங்கு வேகம் என்பது எது, நிறை என்பது எது என்று இரண்டு வரி எழுதிவிட்டால் பெரிய குழப்பம் நீங்கும்.

ஸ்கேலர் என்ற பாடத்துக்கும் அப்படி ஒரு திருத்தம் வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். 'திசை இல்லாதது' என்று தொடங்கி அங்கேயே முடிக்காமல், மாணவரின் கையில் மூன்று கேள்விகளைக் கொடுக்கலாம். கோணம் கேட்காமல் கூடுகிறதா? அச்சைத் திருப்பினாலும் மாறாமல் நிற்கிறதா? வெக்டர் ஒன்றைப் பெருக்கி அதை நீட்டவோ சுருக்கவோ வல்லதா? முதல் கேள்வி மின்னோட்டத்தின் சிக்கலைத் தீர்க்கும். இரண்டாவது, ஒற்றை எண் எல்லாம் ஸ்கேலர் என்ற மயக்கத்தைத் தீர்த்து, சார்பியல் வரை வழி காட்டும். மூன்றாவது, கல்லூரியில் வரப்போகும் நேரியல் இயற்கணிதத்துக்குக் கதவு திறக்கும். மூன்றுமே பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு ஸ்கேலும் கட்ட நோட்டும் வைத்துக் காட்டிவிடக்கூடியவை. பெயர் திசையிலியாக இருக்கட்டும், எண்ணியாக இருக்கட்டும், ஸ்கேலராகவே இருக்கட்டும். அதனிடம் இருப்பதைச் சொல்லி அறிமுகப்படுத்தினால், பிள்ளை அதை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவையே இருக்காது.